மூன்றாமவரின் நேரம்: அமெச்சூர் பல கட்டச் சைக்கிள் பந்தயத்தில் அணி வெல்வது எப்படி

அமெச்சூர் வீரர்களுக்கான பல கட்டச் சாலைப் பந்தயங்களில் கலந்துகொள்ளும் பெரும்பாலானோர், தனிநபர் பட்டியலில் முதல் 10 இடங்களுக்குள் தாங்கள் வரப்போவதில்லை என்பதை முதல் நாள் மாலையிலேயே அறிந்துவிடுகிறார்கள். ஆயினும் கடைசிக் கட்டம் முடியும் வரை அவர்கள் விட்டுக்கொடுக்காமல் ஓட்டுகிறார்கள். பரிசுப் பணமோ ஒப்பந்தமோ அவர்களுக்குக் காத்திருக்கவில்லை. அவர்களைப் பந்தயத்துக்குள்ளேயே பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் அணிப் பட்டியல்தான். அந்தப் பட்டியல் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விளங்காத பல காட்சிகளுக்கு, அதாவது நன்றாக முன்னேறிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென வேகத்தைக் குறைத்துப் பின்னால் வருபவருக்காகக் காத்திருப்பதற்கும், வெல்ல வாய்ப்பே இல்லாத ஒருவர் 37ஆவது இடத்துக்காக மூச்சு வாங்க விரைந்து வருவதற்கும், காரணம் கிடைத்துவிடும்.

பல கட்டப் பந்தயத்தின் அடிப்படை எளிமையானது. ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம் நடைபெறும். ஒவ்வொரு வீரரும் ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்துக்கொண்ட நேரம் கூட்டப்படும். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே தனிநபர் வெற்றியாளர். தூர் த பிரான்ஸ் போன்ற தொழில்முறைப் பெரும்பந்தயம் 21 கட்டங்களாக 23 நாள்கள் நடக்கிறது. அமெச்சூர் பந்தயங்கள் பெரும்பாலும் 3 முதல் 8 நாள்களுக்குள் முடிந்துவிடும். சமவெளிக் கட்டம், மலைக் கட்டம், கடிகாரத்தை மட்டும் எதிர்த்து ஓட்டும் நேரக் கட்டம் என்று கட்டங்களின் தன்மை மாறும். இந்த மாற்றம்தான் அணியைத் தேவையாக்குகிறது. எல்லா நிலத்திலும் ஒருவரே சிறந்து விளங்குவது அரிது.

இனி கணக்குக்கு வருவோம். சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யு.சி.ஐ.யின் விதிப்படி, ஒரு கட்டத்தில் ஓர் அணியின் நேரம் என்பது அந்த அணியிலிருந்து முதலில் வந்துசேரும் மூவரின் நேரங்களின் கூட்டுத்தொகை. இறுதி அணிப் பட்டியல், இப்படி நாள்தோறும் கிடைத்த தொகைகளைக் கூட்டிப் பெறப்படுகிறது. அந்த மூவர் தினமும் ஒரே மூவராக இருக்க வேண்டியதில்லை. ஓர் அணியில் எஞ்சியிருப்போர் மூவருக்கும் குறைவானால் அந்த அணி பட்டியலிலிருந்தே நீக்கப்படும். இந்தச் சில வரிகளுக்குள் பந்தயத்தின் போக்கையே மாற்றும் வலிமை இருக்கிறது. முதல் வீரர் எவ்வளவு வேகமாக வந்தாலும் அவரால் ஈட்ட முடிவது சில நிமிடங்கள்தான்; மூன்றாமவர் சோர்ந்துவிட்டால் அணி இழப்பது கால் மணி நேரமாக இருக்கலாம். ஆகவே அணிப் பட்டியலில் முன்னே நிற்பது, மிகச் சிறந்த வீரரைக் கொண்ட அணியாக இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல மூன்றாமவரைக் கொண்ட அணியே பெரும்பாலும் அங்கே நிற்கிறது.

எல்லாப் பந்தயங்களும் இதே முறையைப் பின்பற்றுவதில்லை என்பதால், சேருமுன் விதிப்புத்தகத்தைப் படிப்பது அவசியம். சில பந்தயங்கள் நாள்தோறும் கூட்டாமல், தனிநபர் மொத்தப் பட்டியலில் ஓர் அணியின் சிறந்த மூவருடைய நேரத்தைக் கடைசியில் ஒருமுறை மட்டும் கூட்டுகின்றன. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் விளைவு வேறு. நால்வர் கொண்ட ஓர் அணியைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் நாளில் அவர்கள் வெற்றியாளருக்கு முறையே 1, 2, 4, 15 நிமிடங்கள் பின்னால் வருகிறார்கள். இரண்டாம் நாளில் முதல் இருவரும் அதே 1, 2 நிமிடங்களில் வந்துவிட, மூன்றாமவர் பசியால் துவண்டு 20 நிமிடம் இழக்கிறார்; முதல் நாள் பின்தங்கிய நான்காமவர் 5 நிமிடத்தில் வந்துசேர்கிறார். நாள்தோறும் கூட்டினால் அணியின் இழப்பு 7 நிமிடமும் 8 நிமிடமும் சேர்ந்து 15 நிமிடம். மொத்தப் பட்டியலிலிருந்து எடுத்தால் சிறந்த மூவரின் இழப்பு 2, 4, 20 என 26 நிமிடம். அதே நால்வர், அதே இரண்டு நாள்கள். விதி மாறியதால் 11 நிமிட வேறுபாடு.

அமெச்சூர் பந்தயத்துக்கு முதல் முறையே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. ஒரு நாள் சறுக்கியவருக்கு மறுநாள் மீண்டும் பொறுப்பு கிடைக்கிறது. நான்காமவரும் ஐந்தாமவரும் எந்த நாளிலும் மூன்றாமவராக மாறக்கூடும் என்பதால், அவர்கள் யாரும் பயனற்றவர்களாக உணர்வதில்லை. இரண்டாம் முறையில், முதல் நாளிலேயே பின்தங்கியவருக்கு எஞ்சிய நாள்களில் செய்வதற்குக் குறைவாகவே இருக்கிறது.

இதற்கு அப்பால் இருவர் அணி முறை ஒன்றும் உண்டு. ஆல்ப்ஸ் மலைகளின் குறுக்கே 2003இல் தொடங்கிய தூர் டிரான்ஸால்ப் என்ற சாலைப் பந்தயம் இருவர் இருவராகவே வீரர்களைச் சேர்த்தது. தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக், மண்பாதையில் ஓடும் 8 நாள் பந்தயம் என்றாலும், இருவர் முறையின் தர்க்கத்தை மிகத் தெளிவாகக் காட்டுகிறது: இருவரும் வழி நெடுகிலும் ஒருவருக்கொருவர் 2 நிமிட இடைவெளிக்குள் இருக்க வேண்டும், மீறினால் தண்டனை. இங்கே வலியவரின் வேகத்துக்கு மதிப்பே இல்லை. எதிர்க்காற்றில் முன்னே நின்று ஓட்டுவது, தண்ணீர்ப் புட்டிகளையும் மாற்று ட்யூபுகளையும் தன் பையில் சுமப்பது, ஏற்றத்தில் இணையாளின் மூச்சைக் கேட்டுத் தன் வேகத்தை அமைப்பது ஆகியவையே அவருடைய வேலை.

மூன்றாமவர் எங்கே நேரத்தை இழக்கிறார் என்பது இயற்பியல் சார்ந்த கேள்வி. சமதளத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும்போது, வீரர் செலவிடும் ஆற்றலில் 80 விழுக்காட்டுக்கும் மேல் காற்றைப் பிளப்பதற்கே போகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி உயர்கிறது. அதை வெல்லத் தேவையான திறன் மும்மடிப்படி உயர்கிறது. இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினாலே செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். பெலட்டான் எனப்படும் பெருங்கூட்டத்தின் நடுவில் மிச்சம் இதைவிடவும் அதிகம். பெர்ட் பிளாக்கன் தலைமையில் 2018இல் வெளியான ஆய்வு, 121 பேர் கொண்ட அடர்ந்த கூட்டத்தின் உட்பகுதியில் இருப்பவர் எதிர்கொள்ளும் காற்றுத்தடை, தனியே ஓட்டுபவர் எதிர்கொள்வதில் வெறும் 5 முதல் 10 விழுக்காடாகவே இருக்கலாம் என்று காட்டியது. ஆகவே சமவெளியில் வலிமை குறைந்தவரும் கூட்டத்துக்குள் ஒதுங்கி, வெற்றியாளரின் நேரத்தையே பெற்றுவிட முடியும்.

மலையில் இந்தச் சலுகை பெரும்பாலும் மறைந்துபோகிறது. 75 கிலோ எடையுள்ள ஒருவர் 8 கிலோ சைக்கிளுடன் 1,000 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். காற்று, உராய்வு போன்ற இழப்புகளை ஒதுக்கிவிட்டு, புவியீர்ப்பை வெல்ல மட்டும் தேவைப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால், தொடர்ந்து 250 வாட் திறனில் மிதிப்பவருக்கு ஏறக்குறைய 54 நிமிடம் ஆகும். அதே எடையுள்ள இன்னொருவர் 200 வாட்டில் மிதித்தால் 68 நிமிடம் ஆகும். ஒரே மலையில் 14 நிமிட இடைவெளி விழுந்துவிடுகிறது. மூன்று நாள் சமவெளியில் மிகக் கவனமாகக் காத்த விநாடிகள் எல்லாம் இந்த 14 நிமிடத்துக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போகும். அணியைத் தேர்ந்தெடுப்பவர்கள் தங்களுடைய மிகச் சிறந்த மலை வீரரைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, தங்கள் மூன்றாவது மலை வீரர் எத்தனை வாட்டில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பார் என்பதுதான்.

பக்கக் காற்று வீசும் திறந்த வெளிச் சாலை, மலைக்கு அடுத்தபடியாக அணிகளைப் பிரித்துப்போடும் இடம். காற்று இடமிருந்து வீசினால், ஒதுங்குவதற்கான இடம் முன்னால் செல்பவரின் நேர் பின்னால் இருக்காது. சற்று வலப்புறம் தள்ளி இருக்கும். எனவே வீரர்கள் சாலையின் குறுக்கே சாய்கோடாக விரிகிறார்கள். சாலையின் அகலம் எத்தனை பேருக்கு இடம் தருகிறதோ அத்தனை பேருக்குத்தான் அந்தச் சாய்கோட்டில் இடம். அதற்குள் வர முடியாதவர்கள் சாலையின் ஓரத்தில் ஒற்றை வரிசையாக, காற்றிலிருந்து எந்த மறைவும் இன்றி வதைபடுவார்கள். ஒருவர் முன்னவரின் சக்கரத்தைப் பின்தொடர முடியாமல் விட்டுவிட்டால் அவருக்குப் பின்னால் இருப்பவர் அனைவரும் சேர்ந்து பின்தங்குவார்கள். பழக்கப்பட்ட அணி இங்கே பீதியடைவதில்லை. ஐந்தாறு பேர் உடனே தங்களுக்கென இரண்டாவது சாய்கோட்டை அமைத்து, ஒருவர் மாறி ஒருவராக முன்னே வந்து காற்றைத் தாங்கினால் இழப்பைச் சில விநாடிகளுக்குள் நிறுத்திவிடலாம். இந்தச் சுழற்சிக்குத் தேவையானது தசை வலிமையைவிடப் பயிற்சிதான். முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்தை உரசினால் பெரும்பாலும் விழுவது பின்னால் வருபவர். சேர்ந்து பயிற்சி செய்யாத அணிகளில் இத்தகைய விபத்து எளிதில் நேர்ந்துவிடுகிறது.

யாருக்காக யார் நிற்பது என்ற கேள்வி பஞ்சர் ஆகும்போதுதான் கூர்மையாக எழுகிறது. தொழில்முறை அணிக்குப் பின்னால் மாற்றுச் சைக்கிள்களுடன் சொந்தக் கார் வரும். பல அமெச்சூர் பந்தயங்களில் எல்லா அணிகளுக்கும் பொதுவான உதவி வாகனங்கள் ஒன்றிரண்டே இருக்கும். அவை வரும்வரை காத்திருந்தால் கூட்டம் மறைந்துவிடும். எனவே பின்தங்கினாலும் அணிக்கு அதிகம் இழப்பில்லாத ஒருவர் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது பழைய வழக்கம். டிஸ்க் பிரேக் வந்த பிறகு இது சற்றுச் சிக்கலாகிவிட்டது: அச்சுக் கம்பியைச் சுற்றிச் சுற்றி வெளியே உருவ வேண்டும், தட்டு இரண்டு பிரேக் கட்டைகளுக்கு நடுவே சரியாக நுழைய வேண்டும், ஒரு சக்கரத்தின் தட்டு மயிரிழை விலகியிருந்தாலும் இன்னொரு சைக்கிளில் அது உரசும். அதனால் உயரம் ஒத்துப்போகும் இருவர் முழுச் சைக்கிளையே மாற்றிக்கொள்வதும், அதற்காகவே பெடல் வகையையும் சீட்டின் உயரத்தையும் முன்கூட்டியே ஒத்துப்பார்த்து வைப்பதும் நல்ல முன்னேற்பாடு. கொடுத்தவர் சாலையோரம் நின்று வண்டிக்காகக் காத்திருக்கும்போது, அவருடைய பந்தயம் அன்றைக்கு அநேகமாக முடிந்துவிடுகிறது.

சம்பளம் வாங்காத ஒருவர் ஏன் இதைச் செய்ய வேண்டும்? அமெச்சூர் பந்தயத்தின் வரலாற்றில் இதற்கு விரிவான விடை இருக்கிறது. 1948 மே மாதம் வார்சாவுக்கும் பிராகுக்கும் இடையே, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சி நாளிதழ்களின் முயற்சியில் அமைதிப் பந்தயம் தொடங்கியது. 1952இல் பெர்லினும் அதன் பாதையில் சேர்ந்தது. தேசிய அணிகளாக அமெச்சூர்கள் மோதிய இந்தப் பந்தயத்தில் தனிநபர் முன்னணியாளருக்கு மஞ்சள் ஜெர்சி இருந்ததுபோலவே, முன்னணி அணி முழுவதற்கும் நீல ஜெர்சி இருந்தது. மேற்கிலிருந்து வந்த அணிகளுக்கும் அங்கே இடமிருந்தது. 1952இல் பிரிட்டனின் இயன் ஸ்டீல் தனிநபர் பட்டத்தையும், அவருடைய அணி அணிப் பட்டத்தையும் வென்றனர். கிழக்கு ஐரோப்பிய வீரர்கள் பலர் பெயரளவில் அமெச்சூர்களாக இருந்து, அரசின் ஆதரவில் முழுநேரமும் பயிற்சி செய்தவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அணி வெற்றியைத் தனி வெற்றிக்கு நிகராக வைத்து மக்கள் கொண்டாடும் பழக்கத்தை இந்தப் பந்தயம் வளர்த்தது.

அந்தப் பழக்கத்தில் உருவான கிழக்கு ஜெர்மனியின் குஸ்டாவ்-அடோல்ஃப் ஷூர், 1955இலும் 1959இலும் அமைதிப் பந்தயத்தை வென்றவர்; 1958, 1959 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அமெச்சூர் உலகச் சாம்பியன். 1960இல் சொந்த நாட்டின் சாக்சன்ரிங் ஓடுதளத்தில், மூன்றாவது தொடர் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, முன்னணியில் அவரும் அவருடைய அணித் தோழர் பெர்ன்ஹார்ட் எக்ஸ்டைனும் பெல்ஜியத்தின் வில்லி வாண்டன்பெர்கனும் இருந்தனர். எக்ஸ்டைன் பிரிந்து முன்னேறினார். பெல்ஜிய வீரரின் கண் ஷூர் மீதே இருந்தது, ஷூர் துரத்தவில்லை. எக்ஸ்டைன் தங்கமும் ஷூர் வெள்ளியும் பெற்றனர். அது ஒரு நாள் பந்தயம்; அணிப் பட்டியல் எதுவும் அவரை அப்படிச் செய்யக் கட்டாயப்படுத்தவில்லை. பல நாள் பந்தயங்களில் ஆண்டுக்கணக்கில் மூவரின் நேரத்தை மனத்தில் வைத்து ஓட்டியவர் அப்படி முடிவெடுத்தது எனக்கு வியப்பளிக்கவில்லை.

மற்ற நாடுகளிலும் இதே காலத்தில் அமெச்சூர் பந்தயங்கள் வேரூன்றின. அயர்லாந்தில் 1953இல் தொடங்கிய ராஸ் தைல்டன், வெளிநாட்டு அணிகளோடு அந்நாட்டுக் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) அணிகளும் ஒரே சாலையில் ஓடும் பந்தயமாக வளர்ந்தது. வார நாள்களில் வேறு வேலை பார்க்கும் ஒருவர் தன் கவுண்டியின் நிறத்தில் ஒரு வாரம் ஓட்டியதே அங்கு பெருமையாகக் கருதப்படுகிறது. பிரான்சில் 1961இல் தொடங்கிய தூர் த லாவனிர், இளம் வீரர்கள் தொழில்முறைக்குச் செல்லும் வாயிலாயிற்று. 1964இல் அதை வென்ற இத்தாலியின் ஃபெலிச்சே ஜிமோந்தி, மறு ஆண்டே தூர் த பிரான்ஸை வென்றார். 1996இல் யு.சி.ஐ. அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவையே கைவிட்டது. அந்த ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் தொழில்முறை வீரர்களும் ஓட்டினர். இன்று அமெச்சூர் என்று சொல்லப்படுவோர், ஒப்பந்தம் இல்லாத உயர்நிலை வீரர்கள் தொடங்கி, வாரத்துக்குப் பத்து மணி நேரம் பயிற்சிக்கு ஒதுக்கவே சிரமப்படும் நடுத்தர வயதினர் வரை பரந்திருக்கிறார்கள். வயதுப் பிரிவுகள் வைத்தாலும் இந்தப் பரப்பை முழுதாகச் சமன்செய்ய முடியாது.

மூன்றாமவரைச் சார்ந்திருக்கும் விதிக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு; அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1960 முதல் 1992 வரை ஒலிம்பிக்கில் 100 கி.மீ. குழு நேரப் பந்தயம் இருந்தது. நால்வர் சேர்ந்து ஓட்ட, மூன்றாவதாக வருபவரின் நேரமே அணியின் நேரமாகக் கொள்ளப்பட்டது. 1960 ஆகஸ்ட் 26 அன்று ரோமில் கடும் வெயிலில் நடந்த அந்தப் பந்தயத்தில், டென்மார்க் அணியின் ஒருவர் வெயில் தாங்காமல் ஆரம்பத்திலேயே விலகினார். எஞ்சிய மூவரும் முடித்தாக வேண்டிய நிலையில் நுட் எனமார்க் யென்சன் தலை சுற்றுவதாகச் சொன்னார். தோழர்கள் அவரைப் பிடித்து நிமிர்த்தி, தண்ணீர் தெளித்து, தொடர்ந்து ஓட்டச் செய்ய முயன்றனர். சற்று நேரத்தில் அவர் சாலையில் விழுந்தார். மண்டை ஓடு முறிந்து அன்றே உயிரிழந்தார். ஊக்கமருந்து பற்றிய விவாதம் அதன்பின் நெடுங்காலம் நீடித்தது. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், விலக இடமில்லாத கணக்கு ஒரு மனிதரைச் சைக்கிள் மேலேயே நிறுத்திவைத்தது என்பது மறுக்க முடியாதது. அமெச்சூர் பந்தயத்தை நடத்துவோர் வெயில் மிகுந்த நாளில் கட்டத்தைச் சுருக்குவதற்கும், மருத்துவர் சொன்னால் வீரரை உடனே நிறுத்துவதற்கும் எழுதப்பட்ட அதிகாரம் வைத்திருக்க வேண்டும்; ஒருவர் மருத்துவக் காரணத்தால் விலகினால் அணி மொத்தமாகப் பட்டியலிலிருந்து விழுந்துவிடாமல் தண்டனை நேரத்தோடு தொடர வழிசெய்வது இன்னும் நல்லது.

நாள்கள் கூடக் கூட, ஓட்டும் நேரத்தைப் போலவே ஓட்டாத நேரமும் முடிவைத் தீர்மானிக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் சேரும் கிளைகோஜன், அதாவது உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்து, மொத்தம் சுமார் 500 கிராம்; கடினமான நான்கு மணி நேரக் கட்டம் அதில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். அதனால் ஓட்டும்போதே மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்தும், முடித்த பிறகு முதல் நான்கு மணி நேரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 1.2 கிராம் வரையும் எடுத்துக்கொள்ளும்படி விளையாட்டு உணவியல் பரிந்துரைக்கிறது. தொழில்முறை வீரருக்குச் சமையல்காரரும் மசாஜ் செய்பவரும் மெக்கானிக்கும் இருக்கிறார்கள். அமெச்சூர் வீரர் தாமே சங்கிலியைத் துடைத்து, ஜெர்சியை அலசிப் போட்டு, மறுநாள் புட்டிகளை நிரப்பிவிட்டுத்தான் படுக்கப் போகிறார். இந்த வேலைகளை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் அணி ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத் தூக்கத்தை மீட்டுத்தருகிறது. முதல் நாளில் உற்சாகத்தில் வரம்பு மீறி மிதித்தவர்கள் மூன்றாம் நாளில் துவண்டுபோவது வழக்கம். மூன்றாமவர் யார் என்பது பெரும்பாலும் அன்றுதான் மாறுகிறது.

கடைசிக் கட்டம் சமவெளியாக இருந்தால் தனிநபர் பட்டியல் ஏறக்குறைய உறுதியாகிவிடும். அணிப் பட்டியல் அப்படி உறுதியாவதில்லை. கூட்டமாக வருபவர்களுக்கு, கூட்டத்தின் முதல் ஆள் கோட்டைத் தொட்ட நேரமே தரப்படும். ஆனால் கூட்டத்தின் நடுவில் வரையறுத்த இடைவெளி, வழக்கமாக 1 விநாடி, விழுந்தால் அதற்குப் பின்னால் வருவோர் தனிக் கூட்டமாகக் கருதப்பட்டு, வெற்றியாளரிடமிருந்து அவர்களுக்குள்ள முழு இடைவெளியும் கணக்கில் ஏறும். கோட்டுக்கு 200 மீட்டர் முன்னால் யாரோ ஒருவர் மிதிப்பதை நிறுத்தினால் போதும். அவருக்குப் பின்னால் இருக்கும் மூன்றாமவர் 8 விநாடியோ 10 விநாடியோ இழப்பார். நேரங்கள் முற்றிலும் சமமானால், அன்றைய கட்டத்தில் மூவரும் பிடித்த இடங்களின் கூட்டுத்தொகை பார்க்கப்படும். தொகை குறைந்த அணி முன்னே வைக்கப்படும். அதனால்தான் அனுபவமுள்ள அணி, இறுதி கிலோமீட்டருக்குள் நுழையும்போது தன் விரைவோட்டக்காரரை அவர் போக்கில் விட்டுவிட்டு, இன்னொருவரைத் திருப்பி அனுப்பி மூன்றாமவரைக் கூட்டத்தின் முன்பாதிக்கு அழைத்து வருகிறது. கோடு தாண்டும் வரை அவருக்கு முன்னால் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வதே அந்த ஒருவரின் வேலை.